ஆண்டின் நாள் எண் (001–366): மழைத் தரவும் செயற்கைக்கோள் கோப்பும் ஒரு நாள் விலகுவது ஏன்?

டெல்டா_தரவு

திருவாரூர், நாகப்பட்டினம் மழைமானிகளின் தினசரி மழை, 2000 முதல் 2020 வரை, எக்செல்லில் இருக்கிறது. தேதி நாள்-மாதம்-ஆண்டு வடிவில். மறுபக்கம் மோடிஸ் (செயற்கைக்கோள் உணரி) தாவரக் குறியீட்டுக் கோப்புகள், அதாவது நிலத்தின் பசுமை அளவு. அவற்றின் பெயரில் 2012065 மாதிரி ஏழு இலக்கம்தான். இரண்டையும் ஆண்டின் நாள் எண்ணை வைத்து இணைத்தால் மூன்று சிக்கல்:

ஒன்று, 2004, 2008, 2012 போன்ற ஆண்டுகளில் மார்ச்சுக்குப் பிறகு எல்லாம் ஒரு நாள் தள்ளி உட்காருகிறது. இரண்டு, செயற்கைக்கோள் மழையோடு ஒப்பிட்டால் எல்லா ஆண்டிலும், எல்லா மாதத்திலும் ஒரு நாள் வித்தியாசம். மூன்று, பருவமழையின் கடைசி நாளுக்குச் சராசரி எடுத்தால் விடை ஜூலை என்று வருகிறது!

மூன்றுக்கும் காரணம் ஒன்றா, வேறு வேறா?

கரிசல்71

வேறு வேறு. முதலாவது லீப் ஆண்டு, இரண்டாவது "நாள்" எப்போது தொடங்குகிறது என்பது, மூன்றாவது ஆண்டு முடியும் இடம். முதலாவதை நான் சொல்கிறேன், மற்றதற்கு ஆள் வருவார்கள்.

ஜனவரி 1 என்றால் 001. டிசம்பர் 31 சாதா ஆண்டில் 365, லீப் ஆண்டில் 366. ஒவ்வொரு மாதத்துக்கும் முன்னால் எத்தனை நாள் கழிந்திருக்கிறது என்று தெரிந்தால் போதும்: ஜனவரி 0, பிப்ரவரி 31, மார்ச் 59, ஏப்ரல் 90, மே 120, ஜூன் 151, ஜூலை 181, ஆகஸ்ட் 212, செப்டம்பர் 243, அக்டோபர் 273, நவம்பர் 304, டிசம்பர் 334. இதோடு தேதியைக் கூட்டுங்கள். லீப் ஆண்டில் மார்ச் முதல் இன்னொன்று.

இந்த 12 எண்ணும் மனதில் நிற்காது. முந்தைய மாதங்களின் எண்ணிக்கையை 30-ஆல் பெருக்கி, ஒரு சின்னத் திருத்தம் சேர்ப்பது சுலபம். திருத்தம் ஜனவரியிலிருந்து வரிசையாக 0, 1, −1, 0, 0, 1, 1, 2, 3, 3, 4, 4. ஆகஸ்ட் 15 என்றால் 7 × 30 = 210, திருத்தம் 2, தேதி 15, ஆக 227. கையில் டைரி இருந்தால் அதுவும் வேண்டாம். பல டைரிகளில் பக்கத்தின் மூலையில் "227-138" என்று பொடி எழுத்தில் இருக்கும். முதலாவது நாள் எண், இரண்டாவது மீதி நாட்கள். கூட்டினால் 365 வர வேண்டும், லீப் ஆண்டில் 366.

எக்செல்லில்: தேதி இருக்கும் செல்லிலிருந்து, அதே ஆண்டு, மாதம் 1, நாள் 0 கொடுத்த டேட் ஃபங்ஷனைக் கழியுங்கள். நாள் 0 என்றால் முந்தைய டிசம்பர் 31, அதனால் ஜனவரி 1-க்குச் சரியாக 1 வரும். விடை செல் தேதி வடிவத்திலேயே இருந்தால் 1900-இல் ஏதோ ஒரு தேதியைக் காட்டும், பயப்பட வேண்டாம், ஜெனரலுக்கு மாற்றினால் எண் தெரியும்.

திரும்பி வர: 2012065-ஐ 1000-ஆல் வகுத்த முழு எண் ஆண்டு, மீதி நாள் எண். டேட் ஃபங்ஷனில் ஆண்டு, 1, நாள் எண் என்று கொடுத்தால் 2012 மார்ச் 5 வரும். அதே 065 2013-இல் மார்ச் 6. உங்கள் முதல் சிக்கல் இதுதான். தேதியிலிருந்து நாள் எண் எடுக்கும் இடத்தில் எல்லா ஆண்டுக்கும் ஒரே அட்டவணையைப் போட்டிருப்பீர்கள்.

இரண்டு எச்சரிக்கை. சாதா ஆண்டில் 366 கொடுத்தால் எக்செல் பிழை காட்டாது, சத்தமில்லாமல் அடுத்த ஜனவரி 1-க்குப் போய்விடும். ஆண்டை இரண்டு இலக்கமாக 24 என்று கொடுத்தால் 1924 ஆகிவிடும். 1924-உம் லீப் ஆண்டு என்பதால் நாளும் மாதமும் சரியாகவே தெரியும், ஆண்டு மட்டும் நூறு வருஷம் பின்னால் நிற்கும். கண்ணில் படவே படாது.

ஷெல்ஆசாமி

கரிசல் சார் சொன்னதோடு ஒன்று. எண்ணுவது 0-விலா 1-லா தொடங்குகிறது என்று மொழிக்கு மொழி பாருங்கள். சி மொழியின் நேர அமைப்பில் ஜனவரி 1 என்பது 0. பிஎச்பியின் சிறிய இசட் குறியும் 0. ஆர் மொழியின் அடிப்படை நேர வகையிலும் 0, ஆனால் அதே ஆரில் லூப்ரிடேட் தொகுப்பு 1 என்கிறது. பைத்தான், போஸ்ட்கிரெஸ், மைஎஸ்கியூஎல் மூன்றிலும் 1. சி-யில் எழுதிய நிரலைப் பைத்தானுக்கு மாற்றும்போது பழைய "+1" அப்படியே ஒட்டிக்கொண்டு வரும்.

ஜாவாவில் வேறு மாதிரி. தேதி வடிவத்தில் சின்ன டி மாதத்தின் நாள், பெரிய டி ஆண்டின் நாள். கை தவறிப் பெரிய டி போட்டுவிட்டால் ஜனவரி முழுக்கச் சரியாகவே ஓடும். பிப்ரவரி 1 அன்று "2024-02-32" என்று அச்சாகும். ஜனவரியில் சோதித்து ஒப்படைத்த நிரல்களில் இது வழக்கமான நோய்.

லினக்ஸ் ஷெல்லில் டேட் கட்டளைக்கு சதவீதக் குறியோடு சிறிய ஜே கொடுத்தால் மூன்று இலக்கத்தில் நாள் எண் கிடைக்கும். அதை நேரே கணக்கில் போடாதீர்கள். முன்னால் சுழியம் இருந்தால் பாஷ் அதை எட்டடிமான எண்ணாக எடுத்துக்கொள்ளும். 008, 009 வந்தால் பிழை காட்டி நின்றுவிடும், அது நல்லது. 010 வந்தால் சத்தமில்லாமல் 8 ஆகும். 060 வந்தால் 48. நூறாம் நாளுக்குப் பிறகு எல்லாம் சரியாகிவிடுவதால் ஏப்ரலில் சோதிப்பவருக்குத் தெரியவே தெரியாது. தீர்வு, எண்ணுக்கு முன்னால் 10# போடுவது. குனூ டேட்டாக இருந்தால் சதவீதக் குறிக்கும் ஜேவுக்கும் நடுவில் ஒரு கழித்தல் குறி போட்டால் சுழியமே வராது.

"ஒரு நாள் விட்டு ஒரு நாள்" வேலைக்கு நாள் எண்ணை இரண்டால் வகுத்து மீதி பார்ப்பவர்களுக்கு: 365 ஒற்றைப்படை, மறுநாள் 001-உம் ஒற்றைப்படை. சாதா ஆண்டு முடிந்ததும் வேலை அடுத்தடுத்து இரண்டு நாள் ஓடும், அல்லது இரண்டு நாள் ஓடாது. 1970-இலிருந்து கழிந்த நாட்களை வைத்து வகுங்கள். அந்தக் கணக்கும் இந்திய நேரம் காலை 5:30-க்குத்தான் நாள் மாறும், அதனால் வகுக்கும் முன் 19800 வினாடி சேர்க்க வேண்டும்.

டெல்டா_தரவு

நன்றி. ஆரில் "ஜூலியன்" என்றே ஒரு ஃபங்ஷன் இருக்கிறதே, அதைப் போட்டால் ஐந்து இலக்க எண் வருகிறது. கோப்பு விளக்கங்களில் "ஜூலியன் தேதி" என்றால் 001–366 என்கிறார்கள். எது சரி?

நிழல்மானி

பெயர்க் குழப்பம். வானியலில் ஜூலியன் நாள் என்பது கி.மு. 4713 ஜனவரி 1 நண்பகலிலிருந்து இடைவிடாமல் எண்ணுவது. 1583-இல் ஸ்காலிஜர் என்ற அறிஞர் அமைத்த காலச் சுழற்சியிலிருந்து வந்த தொடக்கம் அது. 2000 ஜனவரி 1 நண்பகலுக்கு 2451545. ஆண்டு மாறினாலும் அது திரும்ப 1-க்கு வராது. ஆரின் அந்த ஃபங்ஷன் 1970 ஜனவரி 1-இலிருந்து எண்ணுகிறது, அது மூன்றாவது வகை. 001–366-க்கும் ஜூலியனுக்கும் சம்பந்தமே கிடையாது. ஐஎஸ்ஓ 8601 இதை வரிசை நாள் வடிவம் என்கிறது: நான்கு இலக்க ஆண்டு, மூன்று இலக்க நாள்.

இப்போது உங்கள் இரண்டாவது சிக்கல். இந்திய வானிலைத் துறை காலை 8:30-க்கு மழைமானியைப் பார்த்து, முந்தைய 24 மணி நேர மழையை *அன்றைய* தேதியில் எழுதுகிறது. 2015 டிசம்பரில் தாம்பரத்தில் 49 செ.மீ. பதிவானது டிசம்பர் 2, அதாவது 336-ஆம் நாள். ஆனால் அந்த மழை பெரும்பாலும் கொட்டியது டிசம்பர் 1-இல், 335-இல்.

ஐமெர்ஜ் போன்ற செயற்கைக்கோள் தினசரி மழை உலக நேரப்படி 0 மணி முதல் 24 மணி வரை, நம் நேரத்தில் காலை 5:30 முதல் மறுநாள் 5:30 வரை. மழைமானியின் 336 என்பது உலக நேரப்படி 335-இன் 3 மணியிலிருந்து 336-இன் 3 மணி வரை. அதில் 21 மணி நேரம் செயற்கைக்கோளின் 335-க்குள் விழுகிறது, 3 மணி நேரம்தான் 336-இல். ஆக மானியின் நாளை ஒன்று குறைத்துத்தான் செயற்கைக்கோள் நாளோடு சேர்க்க வேண்டும். துல்லியமாக வேண்டுமென்றால் ஐமெர்ஜின் அரை மணி நேரக் கோப்புகளை எடுத்து 03 முதல் 03 வரை நீங்களே கூட்டுங்கள். 48 கோப்பு, அலுப்பான வேலை, ஆனால் வேறு குறுக்குவழி கிடையாது.

ஜனவரி 1 மழைமானி வரிசையை மறக்காதீர்கள். அது முந்தைய ஆண்டின் 365 அல்லது 366-க்குப் போக வேண்டும். நாள் எண்ணிலிருந்து 1 கழித்தால் 0 வரும், இணைப்பில் அந்த வரிசை காணாமல் போகும். தேதியில் கழித்துவிட்டு, பிறகு நாள் எண் எடுங்கள்.

கரிசல்71

நிழல்மானி சொன்னது மழைக்கு. தாவரக் குறியீட்டுக் கோப்புக்கு அந்த ஒரு நாளெல்லாம் பெரிதில்லை. அதில் வேறு பொறி இருக்கிறது.

அது 16 நாள் தொகுப்பு. டெர்ரா செயற்கைக்கோளின் கோப்புகள் 001, 017, 033 என்று போய் 353-இல் முடியும், ஆண்டுக்கு 23. இன்னொரு செயற்கைக்கோளான அக்வா எட்டு நாள் தள்ளி 009-இல் தொடங்கும். கோப்பின் பெயரில் இருப்பது தொகுப்பின் *முதல்* நாள். ஒவ்வொரு பிக்சலும் அந்தப் பதினாறில் எந்த நாளில் எடுக்கப்பட்டது என்பது உள்ளே தனி அடுக்காக, நாள் எண்ணாகவே இருக்கிறது. விதைப்பு, கதிர் பிடிக்கும் நாள் எல்லாம் கணக்கிடுபவர் அந்த அடுக்கைத்தான் எடுக்க வேண்டும். கோப்புப் பெயரை எடுத்தால் 15 நாள் வரை பிசகும்.

353 தொகுப்பு சாதா ஆண்டில் டிசம்பர் 19 முதல் ஜனவரி 3 வரை. அடுத்த 001 ஜனவரி 1-லேயே தொடங்கிவிடும், மூன்று நாள் ஒன்றன் மேல் ஒன்று. லீப் ஆண்டில் இரண்டு நாள். அந்தக் கோப்பில் பிக்சல் நாள் 1, 2, 3 என்று வந்தால் அவற்றோடு 365 (லீப் என்றால் 366) கூட்டிவிட்டுப் பயன்படுத்துங்கள்.

கோப்புப் பெயரில் இரண்டு ஏழு இலக்கம் உண்டு. "ஏ" எழுத்துக்குப் பின்னால் இருப்பது படம் எடுத்த நாள். கடைசியில் நேரத்தோடு ஒட்டி நீளமாக இருப்பது கோப்பு தயாரான நாள். வலப்பக்கத்திலிருந்து வெட்டி எடுக்கும் நிரல்கள் இரண்டாவதைப் பிடித்துக்கொள்ளும். டெல்டா முழுக்க 10 பாகை அட்சரேகைக்கு மேலே என்பதால் எச்25வி07 ஓடு (படம் பிரிக்கப்பட்ட கட்டங்களில் ஒன்று) போதும். கன்னியாகுமரி பக்கம் போனால் வி08 வேண்டும்.

வாக்கியம்

மூன்றாவது சிக்கலை யாரும் தொடவில்லையே. பருவமழையின் கடைசி நாள் நான்கு ஆண்டுகளில் 360, 363, 4, 9 என்று வைத்துக்கொள்ளுங்கள். கூட்டி நாலால் வகுத்தால் 184, ஜூலை 3. ஜனவரி எண்களை 369, 374 என்று நீட்டுங்கள். இப்போது சராசரி 366.5, அதாவது ஜனவரி 1–2. (லீப் ஆண்டின் தொடர்ச்சி என்றால் 365-க்குப் பதில் 366 கூட்ட வேண்டும்.)

இன்னும் நல்லது, எண்ணிக்கையைப் பருவத்திலிருந்து தொடங்குவது. அக்டோபர் 1-ஐ 1 என்று வைத்தால் டிசம்பர் 31 என்பது 92, ஜனவரி 4 என்பது 96. லீப் வித்தியாசம் பிப்ரவரி கடைசி வரை தலைகாட்டவே காட்டாது. வடகிழக்குப் பருவமழை வேலைக்கு ஜனவரி 1-இலிருந்து எண்ணுவதே தவறு என்பது என் கட்சி.

டெல்டா_தரவு

மூன்றும் புரிந்தது. பிப்ரவரி 29-ஐ என்ன செய்வது? நீக்கிவிட்டு எல்லா ஆண்டையும் 365 ஆக்கிவிடலாமா?

வாக்கியம்

நீக்கலாம். பல தட்பவெப்ப மாதிரிகளே 365 நாள் நாட்காட்டியில் ஓடுகின்றன, சில 360 நாளில், எல்லா மாதமும் 30. நெட்சிடிஎஃப் (தட்பவெப்பத் தரவுக்கான கோப்பு வடிவம்) கோப்பின் நேர மாறியில் எந்த நாட்காட்டி என்று குறித்திருக்கும்.

நிழல்மானி

மறுக்கிறேன். வெப்பநிலைச் சராசரிக்கு நீக்கினால் ஒன்றும் கெடாது. மழைக்கு நீக்கினால் அன்று பெய்த தண்ணீரே கணக்கிலிருந்து போய்விடும், மாத மொத்தமும் ஆண்டு மொத்தமும் வெளியிட்ட எண்ணோடு ஒத்துப்போகாது.

366 இடம் உள்ள வரிசை வையுங்கள். பிப்ரவரி 29-க்கு எப்போதும் 60, மார்ச் 1-க்கு எப்போதும் 61. சாதா ஆண்டில் 60 வெற்றிடம். சுழியம் போடாதீர்கள், வெற்றிடம். சுழியம் என்றால் மழையில்லா நாள் என்று சராசரியில் கலந்துவிடும். இந்த எண் ஐஎஸ்ஓ நாள் எண் அல்ல, அதனால் பத்தியின் தலைப்பில் வேறு பெயர் கொடுங்கள். இரண்டையும் ஒரே பெயரில் வைத்தால் ஆறு மாதம் கழித்து நீங்களே ஏமாறுவீர்கள். உங்கள் 21 ஆண்டுகளில் 60-க்கு ஆறே மதிப்புகள்தான் (2000, 04, 08, 12, 16, 20). அன்றைய சராசரியைத் தனியாக நம்பாமல் முன்னும் பின்னும் உள்ள நாட்களோடு சேர்த்து வழவழப்பாக்குங்கள்.

வாக்கியம்

மழைக்கு ஒப்புக்கொள்கிறேன்.

கரிசல்71

வேளாண் வானிலை அறிக்கைகளில் வரும் நிலையான வாரமும் இதே ஊசலாட்டத்துக்குச் செய்த ஏற்பாடுதான். ஜனவரி 1–7 முதல் வாரம். லீப் ஆண்டில் 9-ஆம் வாரத்துக்கு (பிப்ரவரி 26 – மார்ச் 4) எட்டு நாள். 52-ஆம் வாரத்துக்கு (டிசம்பர் 24–31) எல்லா ஆண்டும் எட்டு நாள். நாள் எண்ணிலிருந்து எடுக்க: லீப் ஆண்டில் எண் 60 அல்லது அதற்கு மேல் என்றால் ஒன்று கழியுங்கள், 7-ஆல் வகுத்து மேல்நோக்கி முழுமையாக்குங்கள், 53 வந்தால் 52 என்று வையுங்கள். அக்டோபர் 1 எந்த ஆண்டிலும் 40-ஆம் வாரத்தின் முதல் நாள். ஐஎஸ்ஓ வாரம் திங்களில் தொடங்குவது, இதோடு கலக்காதீர்கள்.

பேட்ச்கோடு

இழைக்குக் கொஞ்சம் விலகல். உணவுப் பொட்டலத்தில் லாட் எண்ணாக ஆண்டின் கடைசி இலக்கம் + மூன்று இலக்க நாள் (4060 + ஷிஃப்ட் எழுத்து) அடிக்கிறோம். இரவு ஷிஃப்ட் 10 முதல் 6 வரை. நடு இரவில் லாட் எண் மாறி, ஒரே கலவை இரண்டு லாட்டாகிறது. இதற்கு என்ன வழி?

ஷெல்ஆசாமி

லாட் எண்ணை அச்சிடும் இங்க்ஜெட் கோடரின் அமைப்பில் நாள் மாறும் நேரம் என்று ஒன்று இருக்கும். அதைக் காலை 6:00-க்கு வையுங்கள். ஆனால் தயாரிப்புத் தேதி வரியும் அதே அமைப்பைப் பின்பற்றுகிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் பொட்டலத்தில் லாட் 060-உம், தேதி மார்ச் 1-உம் (2024-இல் 061) சேர்ந்து நிற்கும், தணிக்கையில் கேள்வி வரும். லாட் எண் உங்கள் உள்கணக்கு. தயாரிப்பு, காலாவதித் தேதிகள் வாடிக்கையாளர் படிக்கிற மாதிரி தனியே இருந்தாக வேண்டும்.

காலாவதியை 365 நாள் என்று வைக்கிறீர்களா, 12 மாதம் என்றா? 2023 மார்ச் 1-உடன் 365 நாள் கூட்டினால் 2024 பிப்ரவரி 29. 12 மாதம் என்றால் மார்ச் 1. கோடரிலும் ஈஆர்பி என்ற நிறுவனக் கணக்கு மென்பொருளிலும் ஒரே விதி இருக்க வேண்டும். ஒற்றை ஆண்டு இலக்கம் பத்தாண்டில் திரும்ப வரும், மாவுக்கும் பிஸ்கட்டுக்கும் பரவாயில்லை, உதிரிப்பாகத்துக்கு ஆகாது.

வாக்கியம்

நாள் எண்களில் 81-க்கு ஒரு சிறப்பு உண்டு, அது பற்றி ஒரு வார்த்தை. 1957 மார்ச் 22 முதல் நடைமுறையில் இருக்கும் இந்திய தேசிய நாட்காட்டியில் (சக ஆண்டு) சைத்ர 1 சாதா ஆண்டில் மார்ச் 22, லீப் ஆண்டில் மார்ச் 21. இரண்டுமே 81-ஆம் நாள். மேகநாத் சாகா தலைமையிலான நாட்காட்டிச் சீர்திருத்தக் குழுவின் ஏற்பாடு இது. ஆகவே 81-க்கு மேல் எந்த நாளிலும் 80-ஐக் கழித்தால் சக ஆண்டின் நாள் எண், லீப் பார்க்கவே வேண்டாம். நம் சித்திரை 1-க்கு இப்படி நிலையான எண் கிடையாது, சங்கராந்தி நேரத்தைப் பொறுத்தது.

நிழல்மானி

அதே 81 சூரியச் சாய்வுச் (சூரியன் நிலநடுக்கோட்டிலிருந்து எத்தனை பாகை வடக்கே அல்லது தெற்கே நிற்கிறது என்பது) சூத்திரத்திலும் இருக்கிறது: 23.45 × சைன்(360 × (284 + நாள் எண்) ÷ 365). 81 போட்டால் 365 ÷ 365, சாய்வு சுழியம். உண்மையான சமநாள் (பகலும் இரவும் ஏறக்குறையச் சமமாகும் நாள்) மார்ச் 20 வாக்கில் என்பதால் சூத்திரம் கொஞ்சம் பிந்தியே ஓடுகிறது. சென்னையின் அட்சரேகை 13.08 பாகை கொடுத்தால் நிழலில்லா நாள் (நண்பகலில் சூரியன் நேர் உச்சியில் நிற்கும் நாள்) 115 என்று வரும், ஏப்ரல் 25. வழக்கமாகச் சொல்லப்படுவது ஏப்ரல் 24. சாய்வு நாளுக்கு அதிகபட்சம் 0.4 பாகைதான் மாறும் என்பதால் பயிர் நீர்த்தேவைக் கணக்கில் லீப் பிழை ஒரு பொருட்டே அல்ல. மழையில் கவலைப்பட்ட அளவு அங்கே வேண்டாம்.

டெல்டா_தரவு

திருத்தி ஓட்டிவிட்டேன். தேதியில் ஒன்று கழித்த பிறகு 2015 டிசம்பர் 2-இன் மானி வரிசை 335-இல் உட்காருகிறது. 2012065 மார்ச் 5, 2013065 மார்ச் 6. வேறு எந்த நாட்களைச் சோதிக்கலாம்?

ஷெல்ஆசாமி

2012-லும் 2013-லும் 059, 060, 061. பிறகு 2012-இன் 366. மைக்ரோசாஃப்டின் சூன் என்ற பாட்டுக் கருவிகள் 2008 டிசம்பர் 31 அன்று உறைந்து நின்றது 366-இல்தான். அதன் நிரலில் நாட்கள் 365-ஐத் தாண்டியிருக்கும் வரை சுற்று ஓடும், லீப் ஆண்டில் 366-ஐத் தாண்டினால்தான் கழிக்கும். சரியாக 366 என்றால் கழிக்கவும் இல்லை, வெளியேறவும் இல்லை. மறுநாள் 367 ஆனதும் தானாகவே சரியானது. கடைசியாக 2013366-ஐக் கொடுத்துப் பாருங்கள், உங்கள் நிரல் பிழை காட்டி நிற்க வேண்டும். 2014 ஜனவரி 1 என்று சொன்னால் இன்னும் வேலை இருக்கிறது.